பொது நீரும் ஆஸ்ட்ரம் அம்மையார் ஆராய்ச்சியும்

பலர்க்கும் பொதுவாயுள்ள பொருளைப் பேணுவார் ஒருவருமிலர் என்பது உலகியலிற் பலர் கொண்டதோர் எண்ணம். காரெட் ஹார்டின் என்னும் உயிர்நூற் பேராசிரியர் 1968-ஆம் ஆண்டில் இதனை ஒரு கட்டுரையாக வரைந்தார். பொதுப் புல்வெளியில் ஒவ்வோர் இடையனும் தன் மந்தையைப் பெருக்கிக்கொண்டே போவானாயின் ஈற்றில் புல்லுமில்லை, மந்தையுமில்லை. ஆதலின் அரசாங்கம் கட்டுப்படுத்தல் வேண்டும், அன்றேல் தனியுடைமையாக்கல் வேண்டும் என்பது அவர் கொள்கை. தருக்கமுறையில் இதனை மறுத்தல் எளிதன்று. ஆயினும் மக்கள் உண்மையில் அவ்வாறுதான் நடக்கின்றனரா என்று நேரிற் சென்று பார்த்தவர் எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார். அவர்தம் ஆராய்ச்சியில் நீரைப் பற்றிய பகுதியை மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

அம்மையார் 1933-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பிறந்தவர். பெண்ணென்பது பற்றிப் பள்ளியில் உயர்கணிதம் பயில ஊக்கம் பெற்றிலர். அக்குறையே பின்னர்ப் பொருளாதார சாஸ்திரத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர இடையூறாயிற்று. அரசியல் சாஸ்திரத்தில் இடம் பெற்றார். (பொருளாதாரத்திற்குரிய நோபெல் பரிசை 2009-இல் பெற்ற இவரே அப்பரிசு பெற்ற முதற் பெண்மணியார் என்பதை எண்ணுங்கால் நமக்கு நகையே தோன்றுகின்றது.)

1965-இல் முடிவுற்ற அவருடைய கலாநிதிப் பட்ட ஆராய்ச்சி, அந்நகரத்துக் கடற்கரையை அடுத்த மேற்குப் படுகையின் நிலத்தடி நீரைப் பற்றியது. நகராட்சிகளும், நீர் விற்கும் கம்பெனிகளும், எண்ணெய் ஆலைகளும் அங்கே கிணறிட்டு இறைத்துக்கொண்டிருந்தன. நீர்மட்டம் கடல்மட்டத்திற்குக் கீழே தாழ்ந்தது; தாழவே கடல்நீர் நிலத்தடியிற் புகுந்தது; கரையோரக் கிணறுகள் உவர்த்தன. ஒருவன் மட்டும் இறைப்பைக் குறைத்தால் அவன் விட்ட நீரை அண்டையிலுள்ளான் எடுத்துக்கொள்வான். அன்றியும், நெடுங்காலம் இறைத்தவனுக்கே உரிமை என்று சட்டம் சொல்லுமாயின், குறைத்தவன் நீரோடு உரிமையையும் இழப்பான். ஹார்டின் கூறிய இடையனின் நிலை இதுவேயன்றோ?

1945-இல் வழக்குத் தொடங்கிற்று. எதிர்வாதிகள் சற்றேறக்குறைய ஐந்நூற்றுவர். நியாயஸ்தலம் மாகாண நீர்வளப் பகுதியாரை ஆராயப் பணித்தது. இறைப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தாலன்றிப் படுகை பிழையாது என்று அவர்கள் அறிவித்தபோது யாவரும் திகைத்தனர். ஆனால் அதற்குள் இறைப்போர் தாமே ஒரு சங்கம் அமைத்து, ஒருவரோடொருவர் பேசவும், இறைக்கும் அளவை அறியவும் பழகியிருந்தனர். தம்மால் இயன்ற அளவு குறைக்க 1955-இல் இடைக்கால உடன்படிக்கை செய்துகொண்டனர். 1961-இல் தீர்ப்பு ஒவ்வொருவர் பங்கையும் வரையறுத்தது. ஹாதார்ன் என்னும் நகராட்சி ஒன்று இணங்காது மேல் வழக்காடித் தோற்றது. யார் எவ்வளவு இறைத்தனர் என்னும் கணக்கு ஆண்டுதோறும் அனைவர்க்கும் வெளியிடப்பட்டது. குறைந்த நீருக்கு ஈடாகத் தொலைவிலிருந்து நீர் கொணர்ந்தனர். கரையோரத்திற் கிணறுகள் அமைத்து நன்னீரை உட்செலுத்திக் கடலைத் தடுத்தனர். முன்னரே புகுந்த உவர்நீர் முழுவதும் இன்னும் அகன்றபாடில்லை. ஆயினும் படுகை அழியவில்லை. இங்கே நியாயஸ்தலமும் அரசாங்கமும் துணை நின்றன. விதிகளை வகுத்தவர் இறைத்தவரே. இவ்வேறுபாட்டை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும்.

1990-இல் வெளிவந்த நூலில் ஸ்பெயினின் வலென்சியா, பிலிப்பைன்ஸின் இலோகோஸ் முதலிய இடங்களின் பாசன முறைகளையும் அவர் ஆராய்ந்தார். எனினும் நம்மை மிகவும் சிந்திக்கச் செய்வது நேபாளத்திற் கண்டது. அங்கே உழவர் தாமே கல்லும் மரக்கிளையும் இட்டு அமைத்த அணைகள் ஆண்டுதோறும் வெள்ளத்திற் சிதையும். அரசாங்கத்தார் கட்டியவையோ உறுதியானவை. ஆனால் கடைமடைக்கு நீர் சேர்வதில் உழவர் முறையே பொதுவாக மேம்பட்டிருந்தது! பொறியியல் பயில்வார்க்கு இது வியப்பாகலாம். காரணம் இது: அணை சிதையுந்தோறும் அதனைச் செப்பனிடப் பல ஆட்கள் வேண்டும், ஆதலின் தலைமடையார் கடைமடையாரின் உழைப்பை வேண்டி நின்றனர், அவர்க்குரிய நீரையும் விட்டனர். சிதையாத அணை எழுந்தபின் அத்தேவை ஒழிந்தது. தேவை ஒழியவே கடைமடையாரின் நீர்முறையும் தளர்ந்தது. அணைக்குச் செலவிட்ட பொருளைக் கணக்கிட்டவர், அதனைச் சூழ்ந்திருந்த இவ்வுடன்பாட்டைக் கணக்கில் சேர்த்திலர்.