இரண்டு கார், இரண்டு கால் பழக்கம்

எங்கள் வீட்டில் 1987 மாடல் பிரீமியர் பத்மினி ஒன்றும், 2018-இல் வாங்கிய ஸ்விஃப்ட் ஒன்றும் இருக்கின்றன. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்கு இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறேன். ஆழியாறு தாண்டி வரும் அந்த 40 கொண்டை ஊசி வளைவுகள் வண்டியின் குணத்தை ஒளிக்க விடாது.

எஞ்சின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான்: 1089 சி.சி., 1197 சி.சி. சக்தியோ ஸ்விஃப்ட்டில் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆனால் ஏற்றம் எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. அவசரப்படாமல் இரண்டாவது கியரில் விட்டால் பத்மினியும் ஏறிவிடும். இறக்கத்தில்தான் இருக்கிறது சங்கதி.

பத்மினிக்கு நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். ஏறிய கியரிலேயே இறங்கி, வளைவுக்கு முன் அழுத்தி, உடனே காலை எடுத்துவிட வேண்டும். திடீரென நிறுத்த நேர்ந்தால் விட்டு விட்டு மிதிக்க வேண்டும். அழுத்திப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. ஸ்விஃப்ட்டில் இந்தப் பழக்கம் ஆகாது. ஏ.பி.எஸ். இருப்பதால் முழு பலத்தோடு மிதித்து அப்படியே பிடிக்க வேண்டும். பெடல் காலடியில் அதிரும். ஏதோ உடைந்துவிட்டது என்று காலை எடுக்கத் தோன்றும், எடுக்கக் கூடாது. பழைய வண்டியில் பழகியவர்கள் ஆளில்லாத மைதானத்தில் இதை ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். கியரில் இறங்குவது மட்டும் இரண்டுக்கும் பொது.

பார்வையில் பத்மினிக்குத்தான் என் ஓட்டு. முன்கண்ணாடியின் இருபுறத் தூண்களும் ஒல்லி. வளைவில் எதிரே வருவது முழுசாகத் தெரியும். ஸ்விஃப்ட்டின் தடித்த தூண் விபத்தில் நம்மைக் காக்கும், ஆனால் திரும்பும்போது ஒரு பைக்கையே மறைத்துவிடும். அதில் வளையும்போது தலையை முன்னே நீட்டி எட்டிப் பார்க்கிறேன். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் உள்ள வண்டியில்தான் குழந்தைகளை ஏற்றுவேன், அதில் சமரசமில்லை.

சித்திரை வெயிலில் பத்மினி நடுவழியில் நின்றால் பதற வேண்டாம். எஞ்சின் சூட்டில் பெட்ரோல் ஆவியாகியிருக்கும். பம்ப் மீது ஈரத்துணி போட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் கிளம்பிவிடும். ஸ்டார்ட்டாகாமல் முரண்டு பிடித்தால் முதலில் பிளாட்டினம் பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பாருங்கள். ஸ்விஃப்ட்டில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பைத் தேட வேண்டியதுதான்.

பழைய வண்டி வாங்கும் ஆசை இருந்தால் பெயின்ட் பளபளப்பில் மயங்காதீர்கள். கால்மிதியைத் தூக்கித் தகரத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யை 15 ஆண்டுக்குப் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பித்திருக்கிறார்களா என்பதையும் பாருங்கள். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் குழாய்கள் சீக்கிரம் வெடிப்பு விடும். வாங்கிய கையோடு அவற்றை மாற்றிவிட்டுத்தான் சாவியைத் திருப்ப வேண்டும்.