வயிற்றில் புளியைக் கரைப்பது எது?

தேர்வு நாள் காலையில் நம்மில் பலருக்கு உணவு இறங்குவதில்லை. இட்டிலியைப் பிட்டு வாயில் வைத்தால் நாக்கு உலர்ந்திருக்கும், அடிவயிறு பிசையும். "வயிற்றில் புளியைக் கரைக்கிறது" என்று நம் பாட்டிமார் சொல்வது வெறும் பேச்சன்று. அதில் உடலியல் உண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. அதைச் சற்று ஆராய்வோம்.

கையை உயர்த்த நினைத்தால் கை உயர்கிறது. ஆனால், "இரைப்பையே, அரைப்பாயாக!" என்று நாம் கட்டளையிட முடியுமா? கவளத்தை விழுங்கும் வரைதான் நம் அதிகாரம். அதன்பின் பொறுப்பேற்பது தன்னியக்க நரம்பு மண்டலம். இதில் பரிவு நரம்புகள், துணைப்பரிவு நரம்புகள் என இரு பிரிவுகள் உண்டு. ஆபத்து வேளையில் பரிவு நரம்புகள் இதயத்தை விரைவுபடுத்தி, இரத்தத்தைத் தசைகளுக்குத் திருப்பி, சீரண வேலையைத் தணிக்கின்றன. அமைதி வேளையில் துணைப்பரிவு நரம்புகள் அவ்வேலையை ஊக்குவிக்கின்றன. இவற்றுள் தலையாயது முகுளத்திலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு. உணவின் மணம் பட்டதுமே இரைப்பை நீர் சுரக்கத் தொடங்குவது இதன் தூண்டுதலால்தான்.

இன்னொரு விந்தையும் உண்டு. உணவுக்குழல் முதல் மலக்குடல் வரை, சுவருக்குள்ளேயே 10 கோடிக்கும் மேற்பட்ட நரம்புச் செல்கள் வலைபோல் பின்னியுள்ளன. வெளியிலிருந்து வரும் நரம்புகளைத் துண்டித்த பின்னும் குடல் உணவை முன்னே தள்ளுவதை 1899-இல் இங்கிலாந்தின் பேலிஸ், ஸ்டார்லிங் என்னும் அறிஞர்கள் காட்டினர். இந்த வலையை 'இரண்டாம் மூளை' என்றும் அழைப்பர். அது கணக்குப் போடாது. ஆனால் தன் வேலையைத் தானே நடத்தும். மூளைக்குச் செய்தியும் அனுப்பும். வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டு செல்பவையே!

மனநிலை இரைப்பையைத் தாக்குவதை நேரில் கண்டவர் அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட். 1822-இல் துப்பாக்கிக் குண்டு பாய்ந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளைஞரின் காயம் ஆறியும் இரைப்பையில் ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது. அதன் வழியே பல ஆண்டுகள் உற்றுநோக்கிய மருத்துவர் 1833-இல் நூல் வெளியிட்டார். அச்சமோ கோபமோ எழும்போது இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறுவதையும் சீரணம் குன்றுவதையும் அவர் குறித்துள்ளார்.

இனித் தேர்வு அறைக்கு வருவோம். வினாத்தாளைப் புலியென்று எண்ணினால் நரம்புகளும் அப்படியே நடந்துகொள்கின்றன. உமிழ்நீர் குறைகிறது; இரைப்பை மந்தமாகிறது; பெருங்குடலோ விரைந்து அசைகிறது. ஆகவே "வயிறு வலிக்கிறது" என்னும் தோழியை நடிக்கிறாள் என்று நகைப்பது அறியாமை. வலி மெய்யானது, அதன் காரணம் அச்சமாயிருக்கலாம். ஆனால் எல்லா வலியையும் அச்சத்தின்மேல் போட்டுவிடவும் கூடாது. தேர்வில்லா நாளிலும் வலி தொடர்ந்தாலோ, காய்ச்சல், வாந்தி, எடைக் குறைவு இருந்தாலோ மருத்துவரை நாட வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. தேர்வன்று சிறிதளவேனும் மென்று உண்போம். நேரத்தோடு புறப்படுவோம். மூச்சை மெல்ல இழுத்து, அதைவிட மெல்ல விடுவோம்; இது வேகஸ் நரம்புக்குத் துணை செய்யும். பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம்: மதிப்பெண் விசாரணையைச் சாப்பாட்டு வேளையில் வைக்காதீர்கள்.

உண்ணுமுன் கைகுவித்து இறைவனுக்கு நன்றி கூறும் வழக்கம் நமக்கு உண்டு. அந்த ஒரு நிமிடத்தை வாயளவில் ஓட்டிவிடாமல் மனமாரச் சொல்வோம். மனம் அடங்கினால் வயிறும் அடங்கும். அன்னம் அளித்த ஆண்டவர் அதைச் சீரணிக்கும் நுண்ணிய அமைப்பையும் அளித்திருக்கிறார். அதன் வேலைக்கு வேண்டிய அமைதியைத் தருவது நம் கடமை.