தலைச்சுற்றல்

இரண்டு கால்களால் நிமிர்ந்து நிற்பதை நாம் ஒரு பொருளாகவே எண்ணுவதில்லை. அந்நிலை ஒருநாள் குலைந்தால்தான் அதன் அருமை விளங்கும். நாஞ்சில் நாட்டில் எம் ஊர்ப் பனைத்தொழிலாளர் ஒருவர் அதனை நன்குணர்ந்தவர். வைகறையில் படுக்கையிற் புரண்டபொழுது வீட்டின் முகடு சுழலக் கண்டார்; பனையடியில் நின்று பாளையை அண்ணாந்து நோக்கியபோதும் அவ்வாறே. சிறிது நேரத்தில் சுழற்சி நின்றது; அச்சம் நிற்கவில்லை. மரமேற அஞ்சியவர் வீட்டில் உலையேறவும் வழியில்லாது போயிற்று. "பித்தந்தான் அண்ணாச்சி, எலுமிச்சஞ்சாறு குடியும்" என்றனர் அயலார். யானும் அதனையே கூறினேன், மறைப்பானேன்?

நோய் இருந்த இடம் செவி. கண்ணும் காலும் மூட்டுகளும் தரும் செய்திகளோடு செவி தரும் செய்தியையும் சேர்த்தே மூளை உடலை நிறுத்துகின்றது. உட்செவியில் நீர்மம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மூன்று உள. தலை திரும்புங்கால் அந்நீர்மம் பின்தங்கி, அங்குள்ள உணர்மயிர்களைச் சாய்க்கும். குழல்களை அடுத்த பையில் நுண்துகள்கள் உண்டு. நம் கடற்கரைச் சிப்பி எப்பொருளால் ஆயதோ, அச்சுண்ணாம்புப் பொருளே அவை. அவற்றுட் சில இடம்பெயர்ந்து குழலுட் புகுந்தால், தலையசைவு நின்ற பின்னும் நீர்மம் அசையும். கண், 'நிற்கின்றாய்' என்னும்; செவி, 'சுழல்கின்றாய்' என்னும்.

வியன்னா மருத்துவர் இராபர்ட் பாரனி, செவியைக் குளிர்நீராற் கழுவினால் கண்மணிகள் ஒரு திசையிலும், வெந்நீராற் கழுவினால் எதிர்த்திசையிலும் துடிப்பதைக் கண்டறிந்தார். செவிநிலை ஆய்வுக்காக 1914ஆம் ஆண்டின் நோபெல் பரிசு அவருக்கு வழங்கப்பெற்றது. அச்செய்தி எட்டியபோது அவர் உருசியாவில் போர்க்கைதி!

எம் ஊரவரை மருத்துவர் கட்டிலில் அமர்த்தி, தலையை ஒருபுறம் திருப்பி, விரைந்து பின்னே சாய்த்துக் கண்ணை உற்றுநோக்கினார். கண்மணி துடித்தது, நோயுற்ற செவி எது எனத் தெளிந்தது. பின்னர்த் தலையை மறுபுறம் திருப்பி, உடலையும் அப்புறமே ஒருக்களிக்கச் செய்து, இறுதியில் எழுப்பி அமர்த்தினார். ஒவ்வொரு நிலையிலும் சிறிது நேரம் காத்திருந்தார். துகள்கள் உருண்டு பைக்கு மீள்வதற்கு அமெரிக்க மருத்துவர் ஜான் எப்லி வகுத்து, 1992இல் கட்டுரையாக வெளியிட்ட முறை இது. கத்தி வேண்டா, மருந்தும் வேண்டா. நோய் மீண்டும் வருதலும் உண்டு. வரின் இம்முறையே மீண்டும் உதவும்.

எல்லாத் தலைச்சுற்றலும் இத்தகையன அல்ல. பேச்சுக் குழறல், கைகால் சோர்தல், பொருள்கள் இரண்டாகத் தோன்றல் ஆகியவை உடன்வரின், மூளையிற் குருதியோட்டம் தடைப்பட்டிருக்கலாம். நொடியும் தாழாது மருத்துவமனை சேர்தல் வேண்டும்.

மருத்துவர் இசைவு தரும்வரை எம் ஊரவர் மரமேறாது ஓலை முடைந்திருந்தார். சில கிழமை கழித்து ஒரு காலையில், கலயத்தோடு பனையினின்று இறங்கியவர் எமக்கும் ஒரு பட்டை அக்கானி வார்த்தார். பதநீரை எம் நாட்டார் அவ்வாறே வழங்குவர்.