படம் கேமராவில் இருக்கிறது, கம்ப்யூட்டருக்கு வரவில்லை: என்ன செய்வது?



சரக்கு இறக்கும்போது எடுத்து வைக்கும் புகைப்படம் இன்று லாரி ரசீதுக்கு அடுத்த சாட்சியாகிவிட்டது. மழையில் நனைந்து வந்த மிளகாய் வற்றல் மூட்டை, தையல் பிரிந்து எடை குறைந்த துவரம் பருப்புச் சாக்கு, நசுங்கி ஒழுகிய எண்ணெய் டின் இவற்றையெல்லாம் லாரி நிற்கும்போதே படம் எடுத்துவிடுகிறோம். அந்தப் படத்தைக் காட்டினால்தான் லாரி ஆபீசும் இன்சூரன்ஸ்காரரும் சரக்கு அனுப்பியவரும் நம் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிறார்கள்.

இந்த வேலைக்காகவே பல கிடங்குகளில் ஒரு சிறிய டிஜிட்டல் கேமரா இருக்கிறது. கையில் செல்போன் இருக்கும்போது கேமரா எதற்கு என்று சிலர் கேட்கலாம். போன் ஆளோடு போய்விடும். கேமரா கடையோடு இருக்கும். வேலையாள் மாறினாலும் படம் நம்மிடமே இருக்கும்.

சிக்கல் வருவது அடுத்த கட்டத்தில்தான். கேமராவைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் சில நாள் ஒன்றுமே நடப்பதில்லை. உடனே "கேமரா போச்சு" என்று ரிப்பேர் கடைக்கு ஓடுகிறோம். அல்லது அவசரத்தில் ஏதோ ஒரு பட்டனை அழுத்திப் படத்தையே இழந்துவிடுகிறோம். பெரும்பாலான நேரங்களில் பழுது கேமராவிலும் இருக்காது, கம்ப்யூட்டரிலும் இருக்காது. இரண்டுக்கும் இடையே இருக்கும். தராசு சரியாக நிற்கவில்லை என்றால் முதலில் தட்டைப் பார்க்கிறோம், பிறகு படிக்கல்லைப் பார்க்கிறோம். அதுபோல இதையும் வரிசையாகப் பார்த்தால் செலவில்லாமலே தீர்ந்துவிடும். அந்த வரிசை இதோ.

1. படம் எங்கே இருக்கிறது?

முதலில் கேமராவின் திரையிலேயே படத்தைத் திறந்து பாருங்கள். அங்கே தெரியவில்லை என்றால் கம்ப்யூட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. சிறிய கேமராக்கள் பலவற்றில் மெமரி கார்டு போக உள்ளேயே கொஞ்சம் இடம் உண்டு. கார்டு போடாமல் எடுத்த படங்கள் அந்த உள் இடத்தில் போய் உட்காரும். பிறகு கார்டைப் போட்டால் கேமரா கார்டில் உள்ளதை மட்டுமே காட்டும். "நேற்று எடுத்த படம் காணோம்" என்ற புகாருக்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. கேமராவை அணைத்து, கார்டை எடுத்துவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள்.

அடுத்து சார்ஜ். படம் மாற்றும்போது கேமரா விழித்திருக்க வேண்டும். பாட்டரி குறைவாக இருந்தால் பாதியில் அணைந்துவிடும். முழு சார்ஜ் ஏற்றிவிட்டே தொடங்குங்கள்.

2. கேபிள்

பழைய கேமராக்களோடு வரும் யு.எஸ்.பி. கேபிளுக்குள் நான்கு கம்பிகள் உண்டு. இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தகவலுக்கு. மலிவான சார்ஜர் கேபிள்கள் சிலவற்றில் தகவல் கம்பி இரண்டும் இருக்காது. அந்தக் கேபிளை மாட்டினால் சார்ஜ் ஏறும், விளக்கு எரியும், படம் மட்டும் வராது. மின்சாரம் வருகிறதே, கேபிள் நன்றாகத்தானே இருக்கிறது என்று நாம் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான். கேமராவோடு வந்த கேபிளைத் தனியாக ஒரு பையில் போட்டு, "கேமரா" என்று சீட்டு ஒட்டி வையுங்கள். சந்தேகம் வந்தால், இதற்கு முன் தகவல் மாற்றிய வேறு ஒரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். கேமராவில் கேபிள் நுழையும் வாயில் பருப்புத் தூசியும் மாவும் அடைந்திருக்கும். கேமராவை அணைத்துவிட்டு, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டி எடுங்கள். ஊசி போட்டுக் குத்த வேண்டாம்.

3. கம்ப்யூட்டரில் மாட்டும் இடம்

ஒரே யு.எஸ்.பி. துவாரத்திலிருந்து பல வாய்களாகப் பிரிக்கும் பெட்டி இருக்கிறதல்லவா, அதில் பில் பிரிண்டர், பார்கோடு கருவி எல்லாம் ஏற்கெனவே தொங்கும். அதில் கேமராவை மாட்டாதீர்கள். கம்ப்யூட்டரின் பின்புறத் துவாரத்தில் நேராக மாட்டுங்கள். ஒரு துவாரம் வேலை செய்யவில்லை என்றால் அடுத்ததில் மாட்டிப் பாருங்கள்.

4. கேமராவின் செட்டிங்

கேபிள் மாட்டினால் மட்டும் போதாது, கேமராவை ஆன் செய்யவும் வேண்டும். சில கேமராக்களில் படம் பார்க்கும் நிலைக்கும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேமரா கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு இரண்டு வழிகள் உண்டு. நமக்குப் பழகிய உதாரணத்தாலேயே சொல்லலாம். பழைய மளிகைக் கடையில் வாடிக்கையாளர் கேட்பார், கடைக்காரர் உள்ளே போய் எடுத்துக் கொடுப்பார். சூப்பர் மார்க்கெட்டில் வாடிக்கையாளரே உள்ளே போய் எடுத்துக்கொள்வார். முதல் வழிக்குப் பி.டி.பி. என்று பெயர். அதில் கம்ப்யூட்டர் கேட்கும், கேமரா எடுத்துக் கொடுக்கும். இரண்டாவது மாஸ் ஸ்டோரேஜ். அதில் கம்ப்யூட்டரே கார்டுக்குள் நுழைந்து படிக்கும். செட்டிங்கில் "யு.எஸ்.பி." என்ற பகுதியில் இந்த இரண்டும் உள்ள கேமராவாக இருந்தால், ஒன்றில் வராதது மற்றதில் வந்துவிடும். பிரிண்டருக்கு அனுப்பும் நிலையில் செட்டிங் நின்றிருந்தால் கம்ப்யூட்டரில் படம் வராது. இதையும் பாருங்கள்.

5. கம்ப்யூட்டர் பக்கம்

மாட்டியவுடன் திரையில் ஒன்றும் தோன்றவில்லை என்பதற்காகக் கம்ப்யூட்டர் கேமராவைக் கண்டுகொள்ளவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். "திஸ் பிசி" என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். கேமராவின் பெயரிலோ புதிய டிரைவாகவோ அங்கே இருக்கும். உள்ளே போனால் டி, சி, ஐ, எம் என்ற நான்கு ஆங்கில எழுத்துகள் கொண்ட ஃபோல்டர் தெரியும். எந்தக் கம்பெனி கேமராவானாலும் படங்கள் பொதுவாக அதற்குள்தான் இருக்கும். படம் இறக்கும் புரோகிராம் தகராறு செய்தால் அதை விட்டுவிட்டு, இந்த ஃபோல்டரிலிருந்து நேரே காப்பி செய்துகொள்ளலாம்.

அங்கேயும் தெரியவில்லையா? கேமராவைக் கழற்றி, கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டு மீண்டும் மாட்டுங்கள். பிறகு வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அதில் வந்தால் குறை நம் கம்ப்யூட்டரில், அதிலும் வராவிட்டால் குறை கேபிளிலோ கேமராவிலோ என்பது பத்தே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செல்போனில் எடுத்த படமானால் போனின் பூட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு போனில் மேலிருந்து இறங்கும் அறிவிப்பில் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஐபோன் "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா?" என்று கேட்கும். நம்பலாம் என்று சொன்னால்தான் படம் தெரியும்.

6. கார்டைத் தனியே எடுத்துப் படிப்பது

கேபிள் வழி அடைத்துக்கொண்டால் கார்டு ரீடர் என்ற சிறிய கருவி கைகொடுக்கும். விலை அதிகமில்லை, கடையில் ஒன்று இருக்கட்டும். கேமராவை அணைத்த பிறகே கார்டை எடுங்கள்.

இங்கே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கார்டில் வகைகள் உண்டு. 2 ஜி.பி. வரை சாதாரண எஸ்.டி., அதற்கு மேல் 32 ஜி.பி. வரை எஸ்.டி.எச்.சி., அதற்கும் மேல் எஸ்.டி.எக்ஸ்.சி. புதிய வகைக் கார்டைப் பழைய ரீடர் படிக்காது. கார்டு கெட்டுவிட்டது என்று தூக்கிப் போடுவதற்கு முன் புதிய ரீடரில் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது, பெரிய எஸ்.டி. கார்டின் பக்கவாட்டில் ஒரு குட்டித் தாழ்ப்பாள் இருக்கும். அதை "லாக்" பக்கம் தள்ளிவிட்டால் படிக்கலாம், எழுதவோ அழிக்கவோ முடியாது. முக்கியமான படம் உள்ள கார்டைக் கம்ப்யூட்டரில் போடுமுன் தாழ் போட்டுவிடுவது நல்லது. வேலை முடிந்ததும் திறந்துவிட மறக்க வேண்டாம். மறந்தால் கேமராவில் அடுத்த படம் எடுக்க முடியாது.

மூன்றாவதுதான் மிக முக்கியம். கார்டைப் போட்டதும் கம்ப்யூட்டர் சில நேரம் "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?" என்று கேட்கும். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். அதற்குப் பொருள், இந்தக் கம்ப்யூட்டரால் அந்தக் கார்டைப் படிக்க முடியவில்லை என்பது மட்டுமே. படம் உள்ளே பத்திரமாக இருக்கலாம். விண்டோஸ் எக்ஸ்.பி. ஓடும் பழைய கம்ப்யூட்டருக்கு 64 ஜி.பி. கார்டின் அமைப்பே புரியாமல் போவதுண்டு. அதே கார்டு புதிய கம்ப்யூட்டரில் உடனே திறக்கும்.

7. அழிந்துவிட்டால்

தவறிப்போய் அழித்துவிட்டாலும் பதற வேண்டாம். அழிக்கும்போது சாதாரணமாகப் பேரேட்டில் பெயரை மட்டுமே அடிக்கிறார்கள், சரக்கு கிடங்கிலேயே இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் புதிய படம் வந்து உட்கார்ந்தால் பழையது போனது போனதுதான். ஆகையால் அந்தக் கார்டில் மேற்கொண்டு ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கார்டை எடுத்துத் தனியே வையுங்கள். மீட்டெடுக்கும் புரோகிராம்கள் இருக்கின்றன. ஃபோட்டோரெக் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. மீட்கும் படங்களை அதே கார்டில் பதியாமல் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும்.

8. வந்து சேர்ந்ததா என்று எண்ணிப் பாருங்கள்

லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது எண்ணிப் பார்க்காமல் ரசீதில் கையெழுத்துப் போடுவோமா? படமும் சரக்குத்தான். கார்டில் 42 படம் இருந்தால் கம்ப்யூட்டரிலும் 42 இருக்க வேண்டும். முதலாவது, நடுவில் ஒன்று, கடைசி என்று மூன்றையாவது திறந்து பாருங்கள். பெயர் இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது என்பதும் நடக்கும். பாதியில் கேபிளைப் பிடுங்கினால் அப்படி ஆகும். இன்னொரு இடத்தில், ஒரு பென்டிரைவிலாவது, இரண்டாவது காப்பி எடுத்த பிறகே கார்டைக் காலி செய்யுங்கள்.

ஒவ்வொரு லோடுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, தேதியையும் லாரி ரசீது எண்ணையும் பெயராக வையுங்கள். சில கேமராக்கள் கார்டைக் காலி செய்ததும் மறுபடி ஒன்றிலிருந்து எண் போடும். போன மாதப் படமும் இந்த மாதப் படமும் ஒரே பெயரில் இருக்கும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் கம்ப்யூட்டர் "ரீப்ளேஸ் செய்யவா?" என்று கேட்கும். கணக்குப்பிள்ளை கவனிக்காமல் சரி என்று தட்டினால் பழைய படம் போயிற்று.

கேமராவின் தேதியையும் மாதம் ஒருமுறை சரிபாருங்கள். பல நாள் சார்ஜ் இல்லாமல் கிடந்தால் கடிகாரம் ஆரம்பத் தேதிக்குப் போய்விடும். இந்த ஆண்டு நனைந்த மூட்டைக்குப் பத்து வருடத்துக்கு முந்திய தேதி விழுந்தால், எதிர்த் தரப்பு அதை வைத்தே நம்மை மடக்கிவிடும்.

ஏன் இவ்வளவு கவனம்?

2007ஆம் ஆண்டின் சாலை வழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சரக்குச் சேதத்துக்காகப் பொதுச் சரக்குப் போக்குவரத்தாளர் மீது வழக்குப் போட வேண்டுமானால், சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். பேச்சுவார்த்தை, நாளை வா, அடுத்த வாரம் வா என்று மாதங்கள் ஓடிவிடும். அத்தனை நாளும் படம் நம்மிடம் சிதையாமல் இருக்க வேண்டும்.

வழக்கு என்று வந்துவிட்டால், 1-7-2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம் 63ஆவது பிரிவின்படி, மின்னணுப் பதிவோடு அதற்குரிய சான்றிதழும் தாக்கல் செய்ய வேண்டும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். மூலப் படத்தை வைத்திருப்பது நம் பொறுப்பு. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் சுருங்கிப் போகும். எடுத்த தேதி, நேரம் பற்றிப் படத்துக்குள் இருக்கும் குறிப்பும் அதில் போய்விடும். அவசரத்துக்கு அனுப்பலாம், ஆனால் அதையே சாட்சியாக நம்பியிருக்கக் கூடாது. அனுப்புவதாக இருந்தால் "டாக்குமெண்ட்" என்ற வழியில் அனுப்புங்கள், படம் உள்ளபடியே போய்ச் சேரும்.

கம்ப்யூட்டர் பக்கத்தில் எழுதி ஒட்ட:

• கேமராவில் படம் தெரிகிறதா, சார்ஜ் இருக்கிறதா?
• தகவல் போகும் கேபிள்தானா?
• துவாரம் மாற்றிப் பார்த்தாயிற்றா?
• யு.எஸ்.பி. செட்டிங் மாற்றிப் பார்த்தாயிற்றா?
• வேறு கம்ப்யூட்டர், கார்டு ரீடர் பார்த்தாயிற்றா?
• "ஃபார்மட்" கேட்டால் வேண்டாம்.
• எண்ணி, திறந்து பார்த்து, இரண்டு காப்பி எடுத்த பின்பே அழிக்க வேண்டும்.

கடையில் இந்த வேலையை ஒருவரிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள். அவர் இல்லாத நாளுக்கு இன்னொருவருக்கும் சொல்லிக் கொடுங்கள். ஒரு லோடு வற்றல் நனைந்தால் போகும் பணம் எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். அதைத் திரும்பக் கேட்கும் உரிமை அந்த ஒரு படத்தில் இருக்கிறது. கல்லாப்பெட்டியை எப்படிப் பார்த்துக்கொள்கிறோமோ அப்படியே அந்தக் கார்டையும் பார்த்துக்கொள்வோம்.