வாயு விதிகளும் மனக்கணக்கும்

உயர்தரப் பரீட்சையில் இரசாயனவியல் வினாத்தாளுக்கு விடையளிக்கக் கணிப்பானுக்கு இடமில்லை. ஆதலின் மாணவர்க்கு மனக்கணக்கே உற்ற துணை. தமிழ் கற்பிக்கும் நாம் இதனை எழுதுவது, வினாவின் பொருளை உணர்தலே கணக்கின் முதற்படி என்பதனால்.

வெப்பநிலை மாறாதிருப்பின், அமுக்கம் கூடக் கனவளவு குறையும் என்பதைப் போயில் 1662இல் வெளியிட்டார். அமுக்கம் மாறாதிருப்பின், கனவளவு கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதசமம் என்பது சாள்சின் விதி.

ஓர் உதாரணம் காண்போம். கொழும்பில் 27 பாகை செல்சியசில், வாய் கட்டிய தளர்ந்த பையொன்றில் 10 லீற்றர் வளி உள்ளது. அப்பை நம் இறம்பொடை வழியாக நுவரெலியாவை அடைகின்றது. ஆங்கு வெப்பநிலை 15 பாகை. அமுக்கம் கொழும்பினதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு. வளியின் கனவளவு யாது?

முதலில் 273ஐக் கூட்டுக: 300, 288. அடுத்து, எண்ணைத் தொடுமுன் திசையை வினவுக. அமுக்கம் குறைந்தது, கனவளவு பெருகும், பெரிய எண் மேலே: 5/4. வெப்பநிலை குறைந்தது, கனவளவு சுருங்கும், சிறிய எண் மேலே: 288/300. இதனை 12ஆற் சுருக்க 24/25.

பெருக்குமுன் சுருக்குக: 5/4 × 24/25 = 6/5. விடை 12 லீற்றர்.

கெல்வினை மறந்து 15/27 என எழுதுவோர்க்கு 7 லீற்றரும் கிட்டாது. 300 கெல்வினில் 3 பாகை என்பது நூற்றிலொன்று. 12 பாகை குறைந்தால் நூற்றில் நான்கே குறையும். இதனை அறிந்த மாணவன் தன் பிழையைத் தானே காண்பான்.

குறுக்குவழி என்பது விதியை விட்டு விலகும் வழியன்று; விதியை நன்குணர்ந்தோன் நடக்கும் நேர்வழியே. மாணவர்காள், நாள்தோறும் ஐந்து கணக்கேனும் இவ்வாறு பழகுவீராக!