பணியாளர் பயிற்சிக்கு எல்.எம்.எஸ். வாங்கப் போகிறீர்களா? முதலில் ஆர்.எஃப்.பி. எழுதுங்கள்!

வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வாங்கி, வேர்டும் எக்செலும் ஓரளவு பழகிவிட்டால் போதும். வேலை செய்யும் இடத்தில் உங்களுக்குக் 'கம்ப்யூட்டர் தெரிந்தவர்' என்ற பட்டம் கிடைத்துவிடும். ஒரு நாள் நிர்வாகி அழைத்து, "நம்ம ஸ்டாஃபுக்கு ஆன்லைனில் டிரெயினிங் கொடுக்க ஒரு சாஃப்ட்வேர் வேணும். நாலு கம்பெனியில் விசாரிச்சுச் சொல்லுங்க" என்பார். அப்போது கைகொடுக்கும் ஒரு பாடத்தை இந்த மாதம் பார்ப்போம்.

எல்.எம்.எஸ். என்றால் என்ன?

லேர்னிங் மேனேஜ்மென்ட் சிஸ்டம் என்பதன் சுருக்கமே எல்.எம்.எஸ். பாடங்களை வைத்திருப்பது, யார் எதைப் படித்தார் என்று பதிவு செய்வது, தேர்வு வைத்துச் சான்றிதழ் தருவது ஆகிய வேலைகளை இது செய்கிறது. ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமாஸ் உருவாக்கி 2002-ல் வெளியிட்ட மூடில் இவற்றில் புகழ்பெற்றது. அது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள் என்பதால் உரிமக் கட்டணம் கிடையாது. உங்கள் வீட்டில் ஆசிரியர் யாராவது இருந்தால் 'நிஷ்டா' பயிற்சி பற்றிக் கேட்டுப் பாருங்கள். 2019-ல் நேரடி வகுப்பாகத் தொடங்கிய அந்த ஆசிரியர் பயிற்சி, கொரோனா காலத்தில், 2020 அக்டோபரில், 'தீக்ஷா' தளத்தின் வழியே ஆன்லைனுக்கு வந்தது.

ஆர்.எஃப்.பி. என்றால் என்ன?

நாஞ்சில் நாட்டில் கல்யாணச் சமையலுக்கு மூன்று பேரிடம் "இலைக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். ஒருவர் ஒரு பிரதமனைக் கணக்கில் வைத்துச் சொல்வார். இன்னொருவர் மூன்று பிரதமனோடு சொல்வார். மூன்றாமவர் அவியலும் எரிசேரியும் உண்டு, பரிமாற ஆள் கிடையாது என்பார். மூன்று விலையையும் ஒப்பிடவே முடியாது. முதலில் நாம் 'இன்னின்ன கறி, இத்தனை இலை' என்று எழுதிக் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும்.

சாஃப்ட்வேருக்கு அப்படி எழுதிக் கொடுக்கும் தாளின் பெயர் ரெக்வெஸ்ட் ஃபார் ப்ரபோசல், சுருக்கமாக ஆர்.எஃப்.பி. இதை டெமோ பார்ப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். டெமோ பார்த்த பிறகு எழுதினால், அந்தக் கம்பெனி காட்டிய வசதிகளே நம் தேவைகளாக மாறிவிடும்.

தக்கலையில் 60 பணியாளர்கள் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையை உதாரணமாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: எதற்காக வாங்குகிறோம்?

இதை நான்கே வரியில் எழுதுங்கள். 'பயிற்சியை நவீனப்படுத்த' என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. மருத்துவமனைக்கு ஒரு தெளிவான காரணம் இருக்கிறது. 2016-ம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பணியாளர்களுக்கு வேலையில் சேரும்போதும், பின்னர் ஆண்டுக்கு ஒரு முறையாவதும் பயிற்சி தர வேண்டும். அந்த விவரம் ஜூன் 30-க்குள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பும் ஆண்டறிக்கையில் இடம்பெற வேண்டும்.

பேப்பருக்கு அப்பாலும் காரணம் உண்டு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கழிவுகளுக்கு நான்கு நிறங்கள். ஊசி வெள்ளை நிறப் பெட்டிக்குப் போகாமல் பையில் விழுந்தால், அதைத் தூக்குகிற துப்புரவுப் பணியாளரின் கையில் குத்தும். ஆகவே நம் தேவை இதுதான்: ஒவ்வொருவரும் இந்தப் பாடத்தைப் புரிந்து முடித்தார் என்பதற்கு நம்பகமான பதிவு.

படி 2: யார் படிக்கப் போகிறார்கள்?

எத்தனை பேர், எந்த மொழி, எந்தக் கருவி, எந்த நேரம் என்று எழுதுங்கள். நம் மாவட்டத்தில் தமிழ் படிப்பவர்களோடு மலையாளம் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களும் வேலைக்கு இருப்பார்கள். துப்புரவுப் பணியாளருக்கு ஈமெயில் முகவரி இருக்காது. செல்போன் எண் இருக்கும். ஈமெயில் இல்லாமல் உள்ளே நுழையவே முடியாத சாஃப்ட்வேர் இவருக்கு உதவாது. இந்த ஒரு வரியை எழுத மறந்தால், யாருக்கு முக்கியமாகப் பயிற்சி வேண்டுமோ அவரே வெளியே நின்றுவிடுவார்.

படி 3: 'உண்டா?' என்று கேட்காதீர்கள்

ஆர்.எஃப்.பி.க்குப் பதில் எழுதும் மென்பொருள்காரர்களில் நானும் ஒருவன் என்பதால் சொல்கிறேன்: 'தமிழ் வசதி உண்டா?' என்றால் எல்லோரும் 'உண்டு' என்றுதான் எழுதுவோம். மெனு மட்டும் தமிழில் இருந்தாலும் அது 'உண்டு'தானே! ஆகவே செய்து காட்டச் சொல்லுங்கள்.

உதாரணமாக: 'இரவுப் பணி நர்ஸ் ஒருவர் ஆண்ட்ராய்டு போனில் பாதிப் பாடத்தில் நிறுத்துகிறார். மறுநாள் வார்டு கம்ப்யூட்டரில் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார். தேர்வுக் கேள்விகள் தமிழில் வருகின்றன. பயிற்சியை இன்னும் முடிக்காதவர்கள் பட்டியலை நிர்வாகி எக்செலில் எடுக்கிறார். இதை எங்கள் முன் செய்து காட்டவும்.' இப்படி மூன்று காட்சிகள் எழுதினாலே போதும்.

படி 4: விலகும் வழியையும் கேளுங்கள்

புதியவர்கள் அதிகம் மறப்பது இதைத்தான். மூன்று ஆண்டு கழித்து வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால் நம் பாடங்களும் பதிவுகளும் என்னவாகும்? பாடங்களை ஓர் எல்.எம்.எஸ்.ஸிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக 'ஸ்கார்ம்' என்ற பொதுத் தரம் இருக்கிறது. அதை ஏற்கும் சாஃப்ட்வேராகக் கேளுங்கள். ஆனால் ஸ்கார்ம் வழியே பாடம்தான் போகும். யார் எப்போது முடித்தார் என்ற பழைய பதிவு போகாது. அதற்குத் தனியாக, 'எல்லாப் பதிவுகளையும் எக்செலில் திறக்கக்கூடிய ஃபைலாக, கூடுதல் கட்டணமின்றித் தர வேண்டும்' என்று எழுதுங்கள்.

படி 5: விலையை ஒரே அச்சில் கேளுங்கள்

மூன்று ஆண்டுகளுக்கான மொத்தச் செலவைக் கேட்க வேண்டும். இரண்டு கற்பனை விலைகளைப் பார்ப்போம். முதல் கம்பெனி ஆளுக்கு மாதம் 60 ரூபாய் என்கிறது. 60 பேருக்கு 36 மாதத்தில் 1,29,600 ரூபாய். இரண்டாவது கம்பெனி 'மூடில் இலவசம்' என்கிறது. ஆனால் நிறுவ 40,000, சர்வர் வாடகை ஆண்டுக்கு 12,000, உதவிக் கட்டணம் ஆண்டுக்கு 15,000. மூன்று ஆண்டுக்கு மொத்தம் 1,21,000 ரூபாய். அதாவது இலவசம் என்பதும் இலவசமில்லை. இரண்டுக்கும் பெரிய வித்தியாசமும் இல்லை.

பணியாளர்கள் 90 பேரானால்? முதல் கம்பெனியின் தொகை 1,94,400 ஆகிவிடும். சர்வர் தாங்கினால் இரண்டாவது அப்படியே இருக்கும். ஆகவே இரண்டு எண்ணிக்கைகளுக்கும் விலை கேளுங்கள்.

படி 6: மதிப்பெண் போடுங்கள்

தமிழ்நாட்டில் அரசுக் கொள்முதலுக்கு 1998-ம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ம் ஆண்டின் விதிகளும் உள்ளன. அவற்றில் 'இரண்டு உறை' முறை ஒன்று உண்டு. தொழில்நுட்ப விவரம் ஓர் உறையில், விலை இன்னோர் உறையில். முதல் உறையில் தேறியவர்களின் விலை உறையை மட்டும்தான் பிரிப்பார்கள். தனியாருக்கு இது கட்டாயமில்லை; ஆனாலும் நல்ல வழக்கம். குறைந்த விலையை முதலில் பார்த்துவிட்டால் குறைகள் கண்ணில் படாது.

எக்செலைத் திறந்து முதல் வரிசையில் கம்பெனிகளின் பெயர்களையும், இடப்பக்கம் தேவைகளையும் டைப் செய்யுங்கள். ஒவ்வொரு தேவைக்கும் ஒரு முக்கியத்துவ எண் கொடுங்கள்: பதிவும் அறிக்கையும் 30, மொழி 25, செல்போன் வசதி 25, தகவலைத் திரும்பத் தருவது 20. கூட்டினால் 100. டெமோ பார்த்து ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு மார்க் போட்டு, அந்த எண்ணால் பெருக்கி, ஆட்டோசம் பட்டனை அழுத்தினால் 1,000-க்கு எவ்வளவு என்று வந்துவிடும். 700 பெற்றவர்களின் விலையை மட்டும் பிரித்துப் பாருங்கள். இந்த எண்களையெல்லாம் ஆர்.எஃப்.பி. அனுப்பும் முன்பே முடிவு செய்து விடுங்கள். பிறகு மாற்றக் கூடாது.

மொத்த ஆர்.எஃப்.பி.யும் நான்கு பக்கத்துக்குள் இருக்கட்டும். பதில் தர மூன்று வாரமாவது அவகாசம் கொடுங்கள். கம்பெனிகள் கேட்கும் சந்தேகங்களுக்கான பதிலை எல்லோருக்கும் ஒன்றாக அனுப்புங்கள்.

பயிற்சி: நீங்கள் வேலை செய்யும் இடத்தில் கம்ப்யூட்டரே தொடாத ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ஒரு பாடத்தைத் திறந்து படித்து முடிப்பதை, படி 3-ல் உள்ளது போல ஐந்தே வரியில் வேர்டில் டைப் செய்து பாருங்கள். உங்கள் ஆர்.எஃப்.பி.யின் முதல் பக்கம் தயார்!