மீனாட்சியம்மாளைப் பாடப் போகிறவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

இலங்கை மலையகத் தோட்டத் தொழிலாளருக்காகப் பாட்டெழுதிப் பாடிய மீனாட்சியம்மாள் நடேசய்யருக்கு இணையவழியில் பாட்டஞ்சலி நடத்தப் போகிறாய் என்பதில் சந்தோஷம். குன்னூரிலிருந்து நீ, கூடலூரிலிருந்து உன் சிநேகிதிகள், கடல் தாண்டி இலங்கை அட்டனிலிருந்து ஒரு குழு, கனடாவிலிருந்து சிலர் என்று ஆட்களும் சேர்ந்துவிட்டார்கள். நீ அனுப்பிய மாதிரி அழைப்பிதழைப் பார்த்த பிறகுதான் எழுத உட்கார்ந்தேன். தலையில் முக்காடு, முதுகில் கூடை, விரலிடுக்கில் கொழுந்து என்று ஒரு பெண்ணை வரைந்திருக்கிறாய். அது மீனாட்சியம்மாள் இல்லை.

அவர் கொழுந்து பறித்தவர் அல்லர். பத்திரிகை வேலை தெரிந்தவர். கணவர் கோ. நடேசய்யர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். 1920இல் இலங்கையில் குடியேறி, ‘தேசபக்தன்’ பத்திரிகை நடத்தி, 1931இல் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் அமைத்து, 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனவர். அந்த அம்மாளும் ‘தேசபக்த’னில் அவரோடு சேர்ந்து உழைத்தார். கூடையை மாட்டிவிட்டால் பார்ப்பவர்களுக்குச் சட்டென்று புரியும் என்று நினைத்திருப்பாய். ஆனால் தன் வயிற்றுப்பாட்டுக்காக அல்லாமல் பிறர் படும் பாட்டுக்காக ஒருத்தி தெருவில் நின்று பாடினாள் என்பதுதானே இங்கே விஷயம்? அது கூடைக்குள் மறைந்துபோகும்.

தெருவில் என்று சொன்னது அலங்காரத்துக்கு இல்லை. அந்த நாளில் தோட்டத்துக்குள் வெளியாள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. நடேசய்யரே முதலில் புடவை வியாபாரி வேஷத்தில்தான் தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்குள் நுழைந்து நிலைமையைப் பார்த்தார் என்பார்கள். தோட்டத்துரையின் எல்லைக்குள் கூட்டம் போட முடியாததால் தெருவும் சந்தியும் கடைவீதியும் மேடையாயின. அந்த அம்மாள் பாடுவார், ஆள் சேரும், பிறகு ஐயர் பேசுவார். எழுத்து தெரியாத கூட்டத்துக்கு அந்தப் பாட்டுதான் நோட்டீஸ். வீட்டுக்குப் போகும்போது பேச்சு பாதி மறந்திருக்கும், பாட்டு வாயில் ஒட்டிக்கொண்டு போகும்.

ஒட்டியதற்குக் காரணம், மெட்டெல்லாம் ஏற்கெனவே சனங்களுக்குத் தெரிந்த மெட்டு. புது ராகம் கண்டுபிடிக்க அவர் மெனக்கெடவில்லை. அமெரிக்காவில் ஜோ ஹில் என்ற ஸ்வீடன் நாட்டுத் தொழிலாளியும் இதையேதான் செய்தார். தேவாலய மெட்டுகளில் கூலிச் சண்டையின் சொற்களைப் போட்டார். 1915இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள், பாட்டுகள் நின்றபாடில்லை. உன் இசையமைப்பாளர் நண்பர் கித்தார், வயலின் எல்லாம் சேர்த்து ‘நவீனப்படுத்த’ப் போவதாக எழுதியிருக்கிறாய். செய்யட்டும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: முதல் கண்ணியைக் கேட்ட ஒரு கொழுந்தெடுக்கிற பெண், இரண்டாவது கண்ணிக்குக் கூடச் சேர்ந்து பாட முடியவேண்டும். முடியாவிட்டால் அது கச்சேரி. நல்ல கச்சேரியாகக்கூட இருக்கலாம், ஆனால் மீனாட்சியம்மாளுக்கு அதில் வேலை இல்லை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள். நிகழ்ச்சி நிரலில் அவர் பாட்டுகளையும் மலையக நாட்டார் பாடல்களையும் ஒன்றாய்க் கலந்து ‘நாட்டுப்புறப் போராட்டப் பாடல்கள்’ என்று போட்டிருக்கிறாய். சி.வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்தவை வேறு. கங்காணியை ஏசியும், வந்த கப்பலை நொந்தும், தாலாட்டியும் பெயரில்லாத பெண்கள் பாடியவை அவை. மீனாட்சியம்மாளுடையது பெயர் போட்டு, அச்சடித்து, ஆட்சியாளரைப் பார்த்துக் கேட்டது. 1939இல் இலங்கை அரசாங்கம் தன் துறைகளில் தினக்கூலியில் இருந்த இந்தியர்களை வேலையை விட்டு நிறுத்தியது. மறு வருஷம் ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்ற பாட்டுப் புத்தகத்தை அவர் வெளியிட்டார். அதே 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் சூட்டில் விழுந்தார். இந்த வருஷங்களைச் சொல்லாமல் பாட்டை மட்டும் பாடினால், கேட்பவர்கள் ‘சோகமாக இருக்கிறது’ என்று எழுந்து போய்விடுவார்கள். அவர் கேட்டது சோகத்தை அல்ல, உரிமையை.

நீலகிரியிலிருந்து இதைச் செய்ய நமக்கென்ன உரிமை என்று யாராவது கேட்டால் தயங்காதே. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் நம் சனத்தை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டபோது ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவின் பங்கு என்றானது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தவர்களில் உன் பாட்டியும் ஒருத்தி. அப்படி வருகிறவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசு தேயிலைத் திட்டம் தொடங்கியது, பிற்பாடு அதுதான் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ ஆனது. அங்கே ‘இந்தியாக்காரன்’, இங்கே வந்ததும் ‘சிலோன்காரன்’. கூடலூரில் இன்றும் அந்தச் சொல் காதில் விழும்.

அதனால்தான் ஒரு விஷயத்தை உன்னிடம் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். இப்போது இந்த மலையில் கொழுந்தெடுக்கிறவர்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் எத்தனையோ பேர். நம்மவர்கள் சிலரே அவர்களைப் பற்றிப் பேசும் பேச்சு, 1939இல் கொழும்பில் நம்மைப் பற்றிப் பேசிய பேச்சுதான். உன் நிரலில் அவர்களுக்கு ஓர் இடம் கொடு. அவர்களிடமும் வேலைப்பாட்டு உண்டு. தமிழ் நிகழ்ச்சியில் வேற்று மொழியா என்று அட்டன்காரர்களோ கனடாக்காரர்களோ முகம் சுளித்தால், மீனாட்சியம்மாளின் புத்தகம் எதைப் பற்றியது என்று கேள். உன் மேடையில் நான் பார்க்க விரும்புவது இது ஒன்றுதான், மற்றதெல்லாம் ஒப்பனை.

இனி கைவேலை. நான்கு ஊரிலிருந்து ஒரே நேரத்தில் சேர்ந்து பாட முயலாதே. இணையத்தில் குரல் போய்ச் சேரப் பிடிக்கும் அந்தச் சின்னத் தாமதமே தாளத்தைக் கலைத்துவிடும். ஒரு தாளப் பதிவை எல்லாருக்கும் அனுப்பு, காதில் மாட்டிக்கொண்டு அவரவர் தனித்தனியே பாடிப் பதியட்டும். தொடக்கத்தில் ஆளுக்கொரு கைதட்டு தட்டினால் பின்னால் கோக்கச் சுலபம். பேச்சையும் கேள்வி பதிலையும் மட்டும் நேரலையில் வை. தப்பு மேளம் வாசிக்கிறவரிடம் முக்கியமாகச் சொல்: பேசுவதற்கென்று செய்த இணையக் கூட்டச் செயலிகள் தப்புச் சத்தத்தை இரைச்சல் என்று எடுத்து அமுக்கிவிடும், அந்த அமைப்பை அணைத்துவிட வேண்டும். (தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட அடித்த தப்பை இரைச்சல் என்று துரைமார்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.) தகரக் கூரை லயத்தில் மழை நாளில் பதியாதே.

நாடகப் பகுதிக்கு, மன்மதன்-ரதி கதையைத் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தைப் பார்த்துக்கொள். நடிப்பவரும் பார்ப்பவரும் தனித்தனி என்று அதில் கிடையாது, ஊரே மாப்பிள்ளை வீடு பெண் வீடாகிவிடும். திரைக்குள் அதை அப்படியே கொண்டுவர முடியாது என்பது தெரியும். ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு கூடத்தில் பத்துப் பேர் சேர்ந்து ஒரே திரையைப் பார்க்கிற மாதிரி ஏற்பாடு செய்யலாம். தனித்தனிக் கைப்பேசியில் பார்த்தால் யாரும் வாய் திறந்து பாட மாட்டார்கள், சிக்னலும் பள்ளத்து லயங்களுக்கு எட்டாது.

பாட்டு வரிகளைத் திரையில் மட்டும் ஓட்டாதே. மீனாட்சியம்மாள் அச்சடித்துக் கொடுத்தார், நீயும் நாலு பக்கத் தாளாக அச்சடித்து முந்தின நாளே தோட்டங்களில் கொடுத்துவிடு. அச்சுக்கூலி என் பொறுப்பு. பழைய பாட்டுப் புத்தகங்களில் இருக்குமே, அதுபோல ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன மெட்டு என்று போடச் சொல். எழுத்துக் கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், உன் பாட்டி கண்ணாடியைத் தேட மாட்டாள்.

அன்புடன்,
மாமா
கோத்தகிரி